இரண்டு மணிகளும் இரண்டு கிண்ணங்களும்

மெய்ப்பொருளியல் என்னும் சொல் காதில் விழுந்த மாத்திரத்தில் நம்மவருள் பலருக்கு இருவகை எண்ணங்கள் எழுகின்றன. அஃது உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபின் படிப்பதற்குரியது என்பது ஒன்று. கணக்குக்கு அஞ்சியவர்கள் பட்டம் பெறுவதற்கு ஏற்பட்ட எளிய வழி என்பது மற்றொன்று. வடநாட்டுப் பல்கலைக்கழக வகுப்புகளில் மெய்ப்பொருளியலையும், பௌதிக நூலின் அடிப்படைகளைப் பற்றிய தத்துவ ஆராய்ச்சியையும் பல்லாண்டுகள் கற்பித்த நமக்கு இவ்விரு எண்ணங்களோடும் நெடுநாளைய பழக்கம் உண்டு.

இப்பொருளை இத்திங்கள் எடுத்துக்கொள்ள நேர்ந்தமைக்குக் காரணம் நம் சங்க உறுப்பினர் ஒருவர் எழுதிய கடிதம். அவருடைய மகள் பி.எஸ்ஸி. வகுப்பில் பௌதிகம் பயின்று நல்ல மதிப்பெண்களுடன் தேறியிருக்கிறாள். மேற்கொண்டும் பௌதிகத்தையே படிப்பாள் என்று வீட்டார் எண்ணியிருக்க, அவளோ தத்துவ எம்.ஏ. வகுப்பில் சேரவேண்டும் என்கிறாளாம். "பொருள்களை ஆராயும் நூலை விட்டுவிட்டுப் பொருளற்ற பேச்சுக்குப் போவதா?" என்று தந்தையார் கேட்கிறார். நிலபுலம் ஏதுமின்றி அயலூருக்கு வந்து, பிள்ளைகளின் கல்வி ஒன்றையே முதலாக வைத்துக் குடும்பத்தை நிலைநிறுத்தியவர்களுக்கு இக்கவலை இயல்பானதே. அதனை ஏளனம் செய்வது நம் கருத்தன்று. ஆயினும், அவ்வகுப்பில் நடப்பது இன்னதென்று காட்டாமல் விடை கூறுவது முறையாகாது. ஆதலின் முதலில் வகுப்பிற்குள் செல்வோம்.

ஆண்டின் முதல் வகுப்பில் நாம் எந்த நூலையும் திறப்பதில்லை. ஒரே நிறமும் ஒரே பருமனும் உடைய இரண்டு கண்ணாடி மணிகளையும் இரண்டு கிண்ணங்களையும் மேசைமேல் வைப்போம். "இம்மணிகளை இக்கிண்ணங்களில் எத்தனை விதமாக இடலாம்?" என்பது வினா. இரண்டும் வலக்கிண்ணத்தில் இருக்கலாம். இரண்டும் இடக்கிண்ணத்தில் இருக்கலாம். கிண்ணத்திற்கு ஒன்றாகவும் இருக்கலாம். ஆகவே மூன்று விதம் என்று சிலர் கூறுவர். பௌதிகம் படித்த மாணவர் உடனே மறுப்பர். கிண்ணத்திற்கு ஒன்றாக இடுவதில் இரண்டு வகை உண்டு. முதல் மணி வலப்புறமும் இரண்டாவது இடப்புறமும் இருத்தல் ஒன்று, மாறி இருத்தல் மற்றொன்று. ஆகவே நான்கு விதம் என்பர். கண்ணை மூடிக்கொண்டு மணிகளைப் பலமுறை போட்டுப் பார்த்தால் நான்கு என்றவர் பக்கமே உண்மை என்பது தெரியும். இரண்டும் ஒரே கிண்ணத்தில் விழுவது ஏறத்தாழப் பாதித் தடவையாக இருக்கும். மூன்றில் இரண்டு பங்காக இராது.

இங்கேதான் நாம் அடுத்த வினாவை விடுப்போம். "முதல் மணி, இரண்டாவது மணி என்கிறீர்களே, எது முதல் மணி?" வகுப்பில் சிறிது நேரம் பேச்சு இராது. பிறகு ஒருவர் எழுந்து, உற்றுப் பார்த்தால் ஒன்றில் ஒரு கீறலாவது இருக்கும் என்பார். கீறலும் இல்லை எனின்? இடத்தால் வேறுபடும் என்பார் மற்றொருவர். இடத்தை மாற்றிவிட்டால்? இவ்வாறு தொடங்கிய பேச்சு மணி அடித்தபின்னும் நிற்பதில்லை.

இதில் நம் தாய்மொழியே ஒரு பொறியை வைத்திருக்கிறது. நேற்று உடுத்த அதே சேலையை இன்றும் உடுத்தாள் என்கிறோம். கலியாண வீட்டில் இரு பெண்டிர் ஒரே கடையில் வாங்கியவற்றை உடுத்து வந்துவிட்டால், அப்போதும் அவளும் அதே சேலை என்கிறோம். முன்னதில் சேலை ஒன்று, பின்னதில் இரண்டு. 'அது' என்பதும் 'அது போன்றது' என்பதும் ஒரு சொல்லுக்குள் ஒளிந்து வாழ்கின்றன. மெய்ப்பொருளியல் வகுப்பில் முதற்பாதி ஆண்டு இவ்விரண்டையும் பிரித்தெடுப்பதிலேயே கழிந்துவிடும் என்றால் மிகையன்று.

ஜெர்மானியத் தத்துவ அறிஞர் லீப்னிட்ஸ் 1715, 1716 ஆகிய ஆண்டுகளில் நியூட்டனின் நண்பரான சாமுவேல் கிளார்க்குடன் கடிதப் போர் ஒன்று நடத்தினார். இடம் என்பது என்ன, காலம் என்பது என்ன என்பவையே அதன் பொருள். மாணவர்க்கு இதைவிடச் சிறந்த பாடநூல் இல்லை என்பது நம் எண்ணம். இருவரும் அறிஞர், இருவரும் பிடிவாதக்காரர், இருவருள் எவரும் மற்றவர்க்கு விட்டுக்கொடுப்பதில்லை. அக்கடிதங்களுள் ஒன்றில் லீப்னிட்ஸ் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறார். எவ்வகையிலும் வேறுபாடு இல்லாத இரண்டு பொருள்கள் உலகில் இரா என்பது அவர் கொள்கை. ஹெர்ரன்ஹௌசன் என்னும் அரண்மனைப் பூங்காவில் இளவரசி சோபியாவின் முன்னிலையில் ஒரு கனவான் அதனை மறுத்து, முற்றும் ஒத்த இரண்டு இலைகளைத் தம்மால் காட்டமுடியும் என்றாராம். இளவரசி, காட்டும் பார்ப்போம் என்றாள். அவர் தோட்டம் முழுதும் ஓடித் தேடியும் கிடைக்கவில்லையாம். லீப்னிட்ஸ் அதே ஆண்டு, 1716-இல், மறைந்தார். ஆட்டம் யாருக்கு வெற்றி என்பதில் இன்றளவும் உடன்பாடு இல்லை.

இலைகளுக்குச் சரி, அணுக்களுக்கு எப்படி என்ற வினாவை அவருக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நம் நாட்டு வைசேடிகர் எடுத்துக்கொண்டனர். நீரின் அணு ஒன்றும் மற்றொன்றும் நிறத்திலோ சுவையிலோ வேறல்ல. அவற்றுக்கு உறுப்புகளும் இல்லை. பின் எதனால் அவை இரண்டு? ஒவ்வோர் அணுவிலும் அதற்கே உரிய 'விசேடம்' ஒன்று உண்டு, அதுவே அதனைப் பிறவற்றினின்றும் பிரிக்கிறது என்றார்கள். அவர்கள் கொள்கைக்குப் பெயரே அதனால் வந்தது. மணிமேகலை வஞ்சி நகரில் பல சமயவாதிகளிடம் அவரவர் கொள்கையைக் கேட்டறிகையில் வைசேடிகவாதியும் தன் ஆறு பொருள்களுள் ஒன்றாக விசேடத்தைச் சொல்கின்றான். பதினெட்டாம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் தருக்க சங்கிரகத்தைத் தமிழாக்கியதால், வடமொழி அறியாத தமிழ் மாணவரும் இதனைக் கற்க முடிந்தது. வகுப்பில் இதைச் சொல்லும்போது ஒரு மாணவராவது எழுந்து, "ஆகவே இக்காலப் பௌதிகம் எல்லாம் நம் முன்னோர் அறிந்ததே!" என்று மார்தட்டுவது வழக்கம். பொறுத்திரு தம்பி, அடுத்த வாரம் டாக்காவுக்குப் போவோம் என்று அமர்த்திவிடுவோம்.

டாக்காப் பல்கலைக்கழகம் 1921-இல் திறக்கப்பட்டது. அவ்வாண்டே அங்குப் பௌதிக ஆசிரியராகச் சேர்ந்தவர் சத்தியேந்திரநாத் போஸ். சூடேறிய பொருளினின்று எழும் ஒளி எந்த நிறத்தில் எவ்வளவு என்பதைக் கூறும் பிளாங்கின் விதி 1900-இல் கண்டறியப்பட்டது. விதி அளவீடுகளுக்குச் சரியாகப் பொருந்தியது. ஆனால் அதனை வருவித்த வழியில் பழைய மின்காந்தக் கொள்கையும் புதிய துகட்கொள்கையும் ஒட்டாமல் ஒட்டிக் கிடந்தன. மாணவர்க்கு இதைக் கற்பிக்க நேர்ந்த போஸுக்கு அந்த வழி நிறைவளிக்கவில்லை. ஒளியைத் துகள்களாகவே கொண்டு வேறொரு வழியில் கணக்கிட்டார். 1924 ஜூன் 4-ஆம் நாள் அதனை, முன்பின் அறியாத ஐன்ஸ்டைனுக்கு ஒரு கடிதத்துடன் அனுப்பினார். ஐன்ஸ்டைன் அதைத் தாமே ஜெர்மன் மொழியில் பெயர்த்து அவ்வாண்டே வெளியிடச் செய்தார். கட்டுரை நான்கே பக்கம். வகுப்பறைக் கரும்பலகையில் போஸ் ஏதோ பிழையாக எழுதியதால் இக்கண்டுபிடிப்பு விளைந்தது என்று ஒரு கதை உலவுகிறது. அதற்குத் தக்க சான்று இல்லை. கற்பிப்பதற்காக எழுந்த மனக்குறை என்பதே போதுமான சிறப்பு.

அக்கட்டுரையில் செய்தது என்ன? எந்த ஒளித்துகள் எந்த அறையில் இருக்கிறது என்று போஸ் எண்ணவில்லை. துகளே இல்லாத அறைகள் எத்தனை, ஒரு துகள் உள்ளவை எத்தனை, இரண்டு உள்ளவை எத்தனை என்று மட்டுமே எண்ணினார். நம் மேசைக்குத் திரும்பிச் சொன்னால், மணிகளும் கிண்ணங்களும் வைத்த வினாவுக்கு நான்கு என்று விடை கூறாமல் மூன்று என்று கூறியதற்கு ஒப்பாகும். நான்கு என்று எண்ணினால் வீன் என்பாரின் பழைய விதி வரும். நெட்டலை ஒளிக்கு அது பொருந்தாதென்பது 1900-ஆம் ஆண்டிலேயே பெர்லினில் அளந்து காணப்பட்டது. மூன்று என்று எண்ணினால் பிளாங்கின் விதி வரும். கண்ணாடி மணிகள் பாதித் தடவை ஒன்றுசேர்ந்தால், இரண்டு அறைகளில் இரண்டு ஒளித்துகள்கள் மூன்றில் இரண்டு பங்கு சேர்ந்தே காணப்படும். எலெக்ட்ரானுக்கோ இரண்டாண்டுகளில் பெர்மியும் டிராக்கும் வேறொரு கணக்குக் கண்டனர். அதன்படி விடை ஒன்றே. அறைக்கு ஒன்றாக மட்டுமே இருக்கும். இரண்டும் ஓரறையில் சேரவே சேரா.

தாம் புதியதொரு புள்ளியியலையே படைக்கிறோம் என்று தாம் அப்போது எண்ணவில்லை என்று போஸ் பிற்காலத்தில் கூறியிருக்கிறார். நம் வகுப்பு முழுவதும் இந்த ஒரு செய்தியைச் சுற்றியே நிற்கிறது. மிகச் சிறந்த பௌதிக அறிஞர், கணக்கை ஓர் எள்ளளவும் வழுவாது செய்கிறார். அக்கணக்குக்குள் இரண்டாயிரம் ஆண்டுப் பழைமையுள்ள தத்துவ வினா ஒன்று புரண்டு கிடக்கிறது. அவ்வழியே செல்பவருக்கு அது தென்படவில்லை. அதற்காக அவரைக் குறைகூறுவார் யார்? அவர் வேலை வேறு. ஆனால் அவ்வினாவை எடுத்து வைப்பதும் ஒருவர் வேலையாக இருத்தல் வேண்டும்.

துகளுக்குத் தனித்தன்மை இல்லை என்றால் என்ன பொருள்? இவ்விடத்தில் நாம் சொல்லும் உவமை நம் குடும்பங்களுக்கு நன்கு பழக்கமானது. முன்னாளில் தில்லியில் சம்பளம் வாங்கியவுடன் ஊருக்கு மணியார்டர் அனுப்புவோம். கரோல்பாக் தபாலாபீசில் நாம் கொடுத்த நோட்டுகள் வேறு. கும்பகோணத்தில் தபால்காரர் திண்ணையில் அமர்ந்து அம்மாவிடம் எண்ணிக் கொடுத்த நோட்டுகள் வேறு. ஆயினும் ஐம்பது ரூபாய் போய்ச் சேர்ந்தது என்பதில் ஐயமில்லை. சேர்ந்த ஐம்பதில் முப்பத்தேழாவது ரூபாய் எது என்று கேட்பார் உண்டோ? எண்ணிக்கை உண்டு, 'எது' என்பது இல்லை. ஒளித்துகளும் அத்தகையது போலும் என்போம்.

இவ்வுவமையை ஒரு மாணவி ஒருமுறை வெட்டி எறிந்தாள். "ரூபாய்க் கணக்கு மனிதர் தமக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. ஒளி யாருடைய ஏற்பாட்டுக்குக் கட்டுப்பட்டு நடக்கிறது?" என்று கேட்டாள். இத்தனை ஆண்டுகளில் நாம் கேட்ட வினாக்களுள் இதனையே தலையாயதாக வைப்போம். அவள் தத்துவம் படித்தவள். பௌதிகம் பள்ளியோடு விட்டவள். பௌதிக மாணவர் பலர் உவமையை எழுதிக்கொண்டு மகிழ்ந்திருக்க, அதன் ஓட்டையைக் கண்டவள் அவள்.

அறிஞர் உலகிலும் இவ்வழக்கு தீரவில்லை. துகளுக்குத் தனித்தன்மையே இல்லை என்பார் ஒரு சாரார். தனித்தன்மை உண்டு, ஆனால் சில நிலைகளை மட்டுமே இயற்கை அனுமதிக்கிறது, அதனால்தான் நான்கு மூன்றாகிறது என்பார் மற்றொரு சாரார். இரண்டு கொள்கைக்கும் கணக்கு ஒன்றே. எந்தச் சோதனையும் இவற்றுள் ஒன்றைத் தள்ளாது. பிரிட்டனின் ஸ்டீவன் பிரெஞ்சும் பிரேசிலின் டேசியோ கிராவுசேயும் 2006-இல் வெளியிட்ட பெருநூல் இதனை விரிவாக ஆராய்கிறது. ஆக்ஸ்போர்டின் சைமன் சாண்டர்ஸ் நடுவழி ஒன்று கண்டார். இரண்டு எலெக்ட்ரான்களுள் ஒன்றைத் தனியே சுட்டிக் காட்டமுடியாது. ஆனால் ஒன்றின் சுழற்சிக்கு மற்றதன் சுழற்சி எதிரானது என்னும் உறவு அவற்றினிடையே இருக்கலாம். தனக்குத்தானே எதிராகச் சுழல்வது எதுவும் இல்லை. ஆகவே அவை இரண்டுதான் என்று அவர் வாதிடுகிறார். லீப்னிட்ஸ் பிழைத்தார் என்று சிலரும், இது சொற்சாதுரியம் என்று சிலரும் வகுப்பில் அணி பிரிவார்கள். நாம் இரண்டாம் அணிக்குச் சற்று அருகில் நிற்பவர். மதிப்பெண் இடுகையில் அதனைக் காட்டிக்கொள்வதில்லை.

இது வெறுங்கற்பனை அன்று என்பதற்கு மாணவர்க்கு ஒன்று சொல்வோம். போஸின் எண்ணும் முறையை அணுக்களுக்கும் பொருத்தினால், மிகக் கடுங்குளிரில் அணுக்கள் திரள்திரளாக ஒரே நிலையில் போய் அமரும் என்று ஐன்ஸ்டைன் அன்றே எழுதினார். எழுபதாண்டுகள் கழிந்து, 1995-இல், அமெரிக்காவின் போல்டர் நகரில் கார்னெலும் வீமனும் சுமார் இரண்டாயிரம் ருபீடிய அணுக்களை அவ்வாறு ஒன்றுசேர்த்துக் காட்டினர். ஒரு பாகையைக் கோடி கூறாக்கினால் இரண்டு கூறுக்கும் குறைவான வெப்பநிலை அது. 2001-இல் கெட்டர்லேயுடன் அவர்களுக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

மார்தட்டிய மாணவர்க்கும் இங்கே விடை கிடைத்துவிடுகிறது. வைசேடிகர் ஒவ்வோர் அணுவுக்கும் தனி விசேடம் உண்டென்றனர். போஸின் கணக்கோ அத்தகைய விசேடம் ஒன்று இருந்தாலும் எண்ணிக்கையில் அதற்கு இடம் தரவில்லை. முன்னோர் விடையை இக்காலப் பௌதிகம் மெய்ப்பித்தது என்று கூற வழியில்லை. அவர்கள் வினாவோ ஒரு மயிரிழையும் பழுதுபடாமல் நிற்கிறது. நம் நாட்டுத் தத்துவத்தைக் கற்பிக்கும் சிலர் இவ்வேறுபாட்டை மறைத்துப் பெருமை பேசுவதால் இரு துறைக்கும் கேடு விளைகிறது என்பது நம் துணிபு.

கற்பிப்பதில் உள்ள இடர்களையும் சொல்லவேண்டும். பௌதிக மாணவர் கணக்குச் சரியாக வந்துவிட்டால் பேச்சு முடிந்தது என்பர். எதனை எண்ணினீர்கள் என்று கேட்டால் முகம் சுளிப்பர். தத்துவ மாணவர் ஒரு சமன்பாட்டைக் கண்டதும் புத்தகத்தை மூடிவிடுவர். ஆனால் அணுவைப் பற்றி மணிக்கணக்கில் பேச ஆயத்தமாயிருப்பர். இருவரையும் ஒரே பெஞ்சியில் இணைத்து உட்காரவைத்து, ஒருவர் வீட்டுப்பாடத்தை மற்றவர் திருத்தவேண்டும் என்று விதித்த ஆண்டுகளில்தான் வகுப்பு நன்றாக நடந்தது. நாம் பணியாற்றிய ஓரிடத்தில், மாணவர் அறுவர்தாம் என்ற காரணத்தால் இப்பாடத்தையே நீக்கிவிட்டனர். அவ்வறுவருள் மூவர் பின்பு எட்டு மாதம் நம் இல்லத்து முன்னறையில் தொடர்ந்து பயின்றனர். அதற்கு மதிப்பெண்ணும் இல்லை, சான்றிதழும் இல்லை.

இனித் தந்தையாரின் வினாவுக்கு வருவோம். மறைக்காமல் சொல்வதாயின், இத்துறையில் உத்தியோகங்கள் மிகக் குறைவு. ஆக்ஸ்போர்டில் இரண்டையும் இணைத்து ஒரே பட்டமாக நான்காண்டு கற்பிக்கின்றனர். நம் நாட்டிலோ கல்லூரி ஆசிரியர் ஆவதற்குரிய தேசியத் தகுதித் தேர்வே பௌதிகத்துக்கு வேறு, தத்துவத்துக்கு வேறு. இடையில் நிற்பவருக்கென்று ஒரு தேர்வு இல்லை. ஆகவே அவள் ஒரு கரையைச் சேர்ந்தே ஆகவேண்டும். பொருளற்ற பேச்சு என்று கருதி அவளைத் தடுக்கவேண்டா. எதனைப் பற்றிய பேச்சு என்பதை மேலே கண்டீர்கள். ஆனால் ஒரு நிபந்தனை விதியுங்கள்: தத்துவ வகுப்பில் சேர்ந்தாலும் கணிதத்தைக் கைவிடலாகாது, வாரத்தில் சில மணி நேரமாவது குவாண்டம் இயக்கவியல் நூலில் கணக்குப் போடவேண்டும். கணிதம் தெரியாமல் பௌதிகத்தின் தத்துவத்தைப் பேசுபவர் பிறர் சொல்வதைக் கேட்டே காலங்கழிக்க நேரும். மாறாக, எம்.எஸ்ஸி. முடித்துவிட்டுத் தத்துவத்துக்கு வருவதும் ஒரு வழி. நம்மிடம் பயின்றவர்களுள் ஆராய்ச்சியில் நிலைத்தவர் பெரும்பாலும் அவ்வழி வந்தவரே. இதனை அவளிடமே எடுத்துரைத்து, முடிவை அவளிடம் விட்டுவிடுதல் தகும். அவளுக்கு வயது இருபத்தொன்று என்று எழுதியிருக்கிறீர்கள்.

இவற்றையெல்லாம் தமிழில் பேசமுடியுமா என்று வேறோர் அன்பர் முன்னரே கேட்டிருந்தார். பூசாவில் தேசியப் பௌதிக ஆய்வகம் இருக்கும் சாலையின் பெயரை நீங்கள் பார்த்திருப்பீர்கள்; டாக்டர் கே. எஸ். கிருஷ்ணன் சாலை. இராமநாதபுரம் சீமையின் வத்திராயிருப்பிலிருந்து புறப்பட்ட அவர், கல்கத்தாவில் இராமனுடன் ஆராய்ந்து, 1928-இல் டாக்காவுக்குச் சென்று போஸ் பணியாற்றிய அதே துறையில் ஆசிரியராக அமர்ந்தார். பின்னர் 1947-இல் இவ்வாய்வகத்தின் முதல் இயக்குநரானார். விஞ்ஞானத்தைத் தமிழில் எழுதியவர் அவர். இளமையில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் இருந்தபோது, நண்பகல் இடைவேளையில் மாணவர் எந்த ஐயத்தையும் வந்து கேட்கலாம் என்று ஒரு கூட்டம் நடத்தினார். போஸும் 1948-இல் வங்கமொழியில் விஞ்ஞானத்தைப் பரப்ப ஒரு கழகமே நிறுவினார். எண்ணிக்கை, தனித்தன்மை, உறவு, நிலை, விசேடம் ஆகிய சொற்களைக் கொண்டே இக்கட்டுரை நடந்திருக்கிறது. எந்த இடத்திலேனும் தடுக்கியிருந்தால் அன்பர்கள் எழுதுக. அது மொழியின் குறையா, நம் குறையா என்று பார்க்கலாம்.

லீப்னிட்ஸும் கிளார்க்கும் காலத்தைப் பற்றிப் பொருததை இங்கே தொடவில்லை. உலகம் ஓராண்டு முன்னதாகப் படைக்கப்பட்டிருந்தால் என்ன வேறுபாடு நேர்ந்திருக்கும் என்பது அவ்வழக்கு. அதனை அடுத்த இதழில் எடுத்துக்கொள்வோம்.